தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் தோட்டப் பள்ளிக்கு என்ன மிஞ்சுகிறது?

மூனாம் டிவிஷன் அம்மா
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம். என் மகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் மொத்தமே 27 பிள்ளைகள். அதனால் மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒரே அறையில் உட்காருகிறார்கள், இரண்டுக்கும் ஒரே ஆசிரியர்.

வியாழக்கிழமை பள்ளி விடும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மகளைக் கூட்டிவரப் போனவள் நூல் நிலைய வாசலில் ஒதுங்கி நின்றேன். நூல் நிலையம் என்றால் பழைய பலகைக் கட்டடத்தில் பாதி அறை. அதில் மூன்று வாளிகள் இருந்தன. சிவப்பு வாளி நிறைந்ததும் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்து போய் அதைக் கொட்டிவிட்டு வந்தான். தரையில் வெண்கட்டியால் ஒரு வட்டம் போட்டிருந்தது. வாளியைச் சரியாக அந்த வட்டத்துக்குள் வைத்துவிட்டு மறுபடியும் படிக்க உட்கார்ந்தான். யாரும் அவனுக்கு எதுவும் சொல்லவில்லை. வட்டம் போட்டு வைக்கும் அளவுக்கு ஆகிவிட்டது என்றால் அந்தக் கூரை எவ்வளவு நாளாக ஒழுகுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு இரவே அக்கா வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவள் மகன் சுங்கைப் பட்டாணி டவுன் பள்ளியில் படிக்கிறான், அங்கே 600 பிள்ளைகளுக்கு மேல். பெற்றோர் ஆசிரியர் சங்கம் விருந்து நடத்திக் காசு சேர்த்து இரண்டு வகுப்பறைக்கு ஏர்கோன் போட்டிருக்கிறார்கள். சந்தோஷமாகத்தான் அனுப்பினாள். எனக்கும் அவள் மேல் வருத்தம் இல்லை. ஆனால் இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

இரண்டும் தமிழ்ப்பள்ளிதான், ஒரே அமைச்சின் கீழ்தான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் கல்வி அமைச்சுக்கு 64.1 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கினார்கள், மற்ற எல்லா அமைச்சையும் விட அதிகம். அதில் ஒரு துளி ஏன் இந்தக் கூரைக்கு வந்து சேரவில்லை? தலைமையாசிரியரைக் கேட்டேன். "தலைக்கு இவ்வளவு என்றுதான்மா வருகிறது, நம்மிடம் தலை குறைவு" என்றார். பாவம், அவர் சொந்தக் காசில் பெயின்ட் வாங்கிச் சுவர் அடித்தவர்.

வரும் சனிக்கிழமை சங்க ஆண்டுக் கூட்டம். என்ன கேட்கவேண்டும், யாரிடம் கேட்கவேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
ஞாயிறு, இரவு 10.25

தங்கச்சி, நான் பள்ளி அலுவலகத்தில் நிதிக் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள். பள்ளிக்கு வரும் காசு ஒரே குழாயில் வருவதில்லை.

பெரிய குழாய் சம்பளம். நீ சொன்ன 64.1 பில்லியனில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. அது பள்ளிக் கணக்கைத் தொடுவதே இல்லை, நேராக ஆசிரியர் வங்கிக்குப் போய்விடும்.

அடுத்தது தலைவீத மானியம். அலுவலகத்தில் பிசிஜி என்போம். பாடத்துக்குப் பாடம், பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வரும். ஒரு பேச்சுக்கு, எல்லாம் சேர்த்துப் பிள்ளைக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள். உன் அக்கா மகன் பள்ளிக்கு 60,000 வரும், உன் மகள் பள்ளிக்கு 2,700. போட்டோஸ்டெட் மெஷினுக்கு மை வாங்கினால் இரண்டு பள்ளிக்கும் ஒரே விலைதான். கடைக்காரன் "உங்களிடம் 27 பிள்ளைதானே" என்று குறைத்துக் கொடுக்கமாட்டான். புரொஜெக்டர் பல்பு, அறிவியல் அறையின் தராசு, தீயணைப்புக் கருவியின் பராமரிப்பு, எல்லாமே அப்படித்தான். சிறு பள்ளிக்கென்று ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்தாலும் இந்த இடைவெளி அடைபடாது. அதோடு, பாடத்துக்கு என்று வந்த காசை எடுத்துக் கூரைக்குப் போட முடியாது. கணக்காய்வில் மாட்டிக்கொள்வோம்.

மூன்றாவது, கட்டடமும் பழுதுபார்ப்பும். இது தலைக்கணக்கில் வருவதில்லை. பள்ளி விண்ணப்பிக்கவேண்டும், மேலே வரிசையில் வைப்பார்கள். சில ஆண்டு தமிழ்ப்பள்ளிகளுக்கு என்று தனியாக ஒதுக்குவார்கள். 2019 வரவு செலவுத் திட்டத்தில் 50 மில்லியன் வந்தது. கேட்கப் பெரிய தொகை. 500-க்கு மேற்பட்ட பள்ளிகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு பள்ளிக்கு ஒரு லட்சம் வெள்ளி கூடத் தேறாது. கரையான் தின்ற கட்டடத்தை இடித்துக் கட்ட அது எந்த மூலைக்கு?

கடைசியாக, பெற்றோர் திரட்டும் காசு. நீ அந்தப் படத்தில் பார்த்தது இதைத்தான். 600 குடும்பம் ஒரு விருந்துச் சீட்டு வாங்குவதும் 20 குடும்பம் வாங்குவதும் ஒன்றாகுமா? டவுனில் வக்கீல், டாக்டர், கடை முதலாளி இருப்பார்கள். தோட்டத்தில் மீதியிருப்பவர்கள் யார் என்று உனக்கே தெரியும்.

கூட்டத்தில் "பள்ளிக்குக் காசு வரவில்லை" என்று பொதுவாகப் பேசாதே. எந்தக் குழாயில் வரவில்லை என்று கேள்.

கிள்ளான்வாசி
ஞாயிறு, இரவு 11.02

அக்கா, கோபப்படாமல் படியுங்கள். நான் கிள்ளானில் இருக்கிறேன். என் மகன் வகுப்பில் 38 பேர். புத்தகப் பையை வைக்க இடமில்லாமல் நடைபாதையில் வைக்கிறார்கள். சிற்றுண்டிச்சாலையில் இரண்டு நேரமாகப் பிரித்துத்தான் சாப்பாடு. டவுன் பள்ளி என்றால் சொர்க்கம் என்று நினைக்கவேண்டாம்.

கணக்குப்பிள்ளை ஐயா சம்பளத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். அதையும் சேர்த்துப் பாருங்கள். 27 பிள்ளைகளுக்கு ஒரு தலைமையாசிரியர், நான்கைந்து ஆசிரியர், ஓர் எழுத்தர், காவலாளி, துப்புரவுப் பணியாளர். பிள்ளைக்கு ஆகும் செலவு என்று வகுத்தால் உங்கள் பள்ளிக்குத்தான் என் மகன் பள்ளியைப் போலப் பல மடங்கு செலவாகிறது. பிறகு யாருக்கு அநியாயம் நடக்கிறது?

என் கேள்வி நேரானது. மூன்று நான்கு சிறு பள்ளிகளைச் சேர்த்து ஒரு நல்ல பள்ளியாக ஆக்கினால் என்ன? பிள்ளைகளுக்குப் பந்து விளையாட ஒரு குழுவாவது சேரும். மூன்றாம் ஆண்டுக்குத் தனி வகுப்பும் கிடைக்கும். பள்ளியின் பெயரைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைக்கிறோமோ என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

வேன்கார அண்ணன்
திங்கள், காலை 6.15

பள்ளி வேன் ஓட்டுகிறேன், முதல் நடை முடிந்து எழுதுகிறேன். சேர்த்துவிடலாம் என்று சொல்பவர்கள் வேன் காசையும் சேர்த்துப் பேசவேண்டும். தோட்டத்து உள்ளேயிருந்து டவுனுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 120 வெள்ளி வாங்குகிறேன். டீசல், டயர், பெர்மிட் எல்லாம் பார்த்தால் அதற்குக் கீழே கட்டுபடியாகாது. மூன்று பிள்ளை உள்ள வீட்டில் 360. குறைந்தபட்சச் சம்பளம் 1,700. மூன்றாவது பிள்ளைக்கு "அடுத்த மாதம் தருகிறேன் அண்ணே" என்பார்கள். நானும் சரி என்பேன். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை வேனில் இருக்காது.

அரசாங்கம் ஆண்டுக்கு ஒரு தடவை பள்ளித் தொடக்க உதவி என்று 150 வெள்ளி தருகிறது. என் வேனில் ஒரு மாதமும் ஒரு வாரமும் ஓடும்.

ஓய்வு பெற்ற வாத்தியார்
திங்கள், காலை 10.50

கிள்ளான் தம்பி கேட்டதில் தப்பில்லை. நான் கூட்டு வகுப்பில் பதினான்கு ஆண்டு பாடம் நடத்தியவன். ஒரு பக்கம் கரும்பலகையில் பின்னம், மறுபக்கம் வாய்பாடு. இந்தப் பக்கம் பேசும்போது அந்தப் பக்கம் எழுத்து வேலை கொடுத்துவிடவேண்டும். நன்றாகவும் நடத்த முடியும், ஆனால் ஆசிரியர் ஒரு நாள் மருத்துவ விடுப்பு எடுத்தால் இரண்டு வகுப்பு போயிற்று.

ஆனால் இந்தப் பள்ளிகள் ஏன் இப்படி ஆயின என்பதையும் பார்க்கவேண்டும். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் ஒரு பள்ளி நடத்தவேண்டும் என்று சொன்னது. நிர்வாகங்கள் சட்டத்துக்குப் பயந்து ஒரு கொட்டகையைப் போட்டன. கோயில் மண்டபத்தில் நடந்த பள்ளி உண்டு, ஆயாக்கொட்டகையின் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) மறுபாதியில் நடந்த பள்ளியும் உண்டு. பல இடங்களில் கங்காணியோ (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) கிராணியோ (தோட்ட எழுத்தர்)தான் வாத்தியார். ஒரே தோட்டத்தில் டிவிஷனுக்கு, அதாவது தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும், ஒரு பள்ளி என்று வந்ததும் அப்படித்தான். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-ஐ ஒட்டி நிற்கிறது.

இந்தப் பள்ளிகளுக்கு அடியில் இருக்கும் மண் யாருடையது? கம்பெனியுடையது. இன்றைய சிக்கலின் வேர் அதுதான். மண் அரசாங்கத்தின் பெயரில் இருந்தால் முழு உதவி பெறும் பள்ளி. இல்லாவிட்டால் பகுதி உதவி பெறும் பள்ளி. தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பான்மை இரண்டாவது வகைதான். ஆசிரியர் சம்பளம் இரண்டுக்கும் வந்துவிடும். கட்டடம் என்று போய் நின்றால்தான் வித்தியாசம் முகத்தில் அடிக்கும். அடுத்தவன் மண்ணில் பொதுப்பணத்தைக் கொட்ட எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் நில உரிமையாளரின் சம்மதக் கடிதத்தைக் கேட்பேன்.

இன்னொரு முடிச்சும் உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின்படி கல்வி கூட்டரசின் பொறுப்பு, நிலம் மாநிலத்தின் பொறுப்பு. பணம் கூட்டரசு நிர்வாகம் இருக்கும் புத்ராஜெயாவில், மண் மாநில நில அலுவலகத்தில். தோட்டம் கை மாறும்போது பள்ளியின் இரண்டு ஏக்கரை அளந்து பிரித்துப் பள்ளியின் பெயருக்கு மாற்ற யாராவது ஓடவேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் யாருமில்லை.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் கூரையின் துத்தநாகத் தகடு மாற்றுவதற்காக நிர்வாகத்துக்கு எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது, தோட்டம் விற்பனைக்கு இருப்பதால் புதிய செலவு எதுவும் செய்ய முடியாது என்று. விற்ற பிறகு புதியவர்களுக்கு எழுதினேன். பள்ளி இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்றார்கள். பள்ளி அங்கே அறுபது ஆண்டாக இருந்தது.

1960-இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிப் பாட்டாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்க வைத்தார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கூறு போட்டு விற்கப்பட்ட காலம் அது. மண் கையில் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் காற்றில் போகும் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

கிள்ளான்வாசி
திங்கள், மதியம் 1.10

வாத்தியார் ஐயா, நில விவகாரம் இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. சிலாங்கூரில் மாநில அரசே ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தனியாக நிதி ஒதுக்குகிறது. எல்லா மாநிலத்திலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை
திங்கள், மதியம் 1.35

பினாங்கும் ஆண்டுதோறும் ஒதுக்குகிறது தம்பி. மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம் பினாங்கு, இந்தப் பக்கம் கெடா. ஆற்றின் எந்தக் கரையில் பிறந்தோம் என்பது கூட ஒரு பிள்ளையின் கணக்கை மாற்றும். ஆனால் மாநிலத்தின் தயவு தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடியது. அதை நம்பிக் கட்டடம் போட முடியாது.

சம்பளத்தைச் சேர்த்தால் சிறு பள்ளிக்கு அதிகம் ஆகிறது என்று நீ எழுதியது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காசில் பள்ளி ஒரு பலகை கூட மாற்ற முடியாதே. பிள்ளை கண்ணால் பார்க்கிற காசு எது என்று பிரித்துப் பார். நூல் நிலையப் புத்தகம், கணினி, கழிப்பறைக் கதவு, போட்டிக்கு அழைத்துப் போகும் பஸ். அங்கேதான் தோட்டப் பிள்ளை தோற்கிறது.

டெக்சாஸ் தம்பி
செவ்வாய், காலை 8.05

நான் பாடாங் செராய்க்காரன், இப்போது அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரத்தில் வேலை. என் பிள்ளைகள் இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். இந்த இழையைப் படிக்கப் படிக்க இந்த ஊர்க் கதை அப்படியே கண்முன் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே பள்ளிக்குக் காசு பெரிய அளவில் வீட்டு வரியிலிருந்து வருகிறது. நம் ஊர் கதவு வரி மாதிரி, ஆனால் பள்ளி மாவட்டத்துக்கே நேராகப் போகும். இந்த ஒரே நகரத்துக்குள் பத்துக்கு மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் உண்டு. பணக்காரப் பகுதியில் வீடு விலை அதிகம், கொஞ்சம் வரி போட்டாலே நிறைய வரும். ஏழைப் பகுதியில் எவ்வளவு போட்டாலும் வராது.

1967-68 கணக்கைச் சொல்கிறேன். எட்ஜ்வுட் என்பது மெக்சிகோ வம்சாவளியினர் வாழும் ஏழைப் பகுதி. அங்கே மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். ஒரு பிள்ளைக்கு அதிலிருந்து கிடைத்தது 26 டாலர். பக்கத்தில் அலமோ ஹைட்ஸ் பணக்காரப் பகுதி. அங்கே 85 சென்ட்தான் கட்டினார்கள், பிள்ளைக்கு 333 டாலர் கிடைத்தது. மாநிலமும் மத்திய அரசும் கொடுத்ததைச் சேர்த்த பிறகும் ஒரு பக்கம் 356, மறுபக்கம் 594. அதிக வீதத்தில் வரி கட்டியவனின் பிள்ளைக்குக் குறைந்த காசு!

1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு ஊர்வலமாகப் போனார்கள். உடைந்த ஜன்னல், தகுதியில்லாத ஆசிரியர்கள், இவைதான் அவர்களுடைய புகார். அதே ஆண்டு டெமெட்ரியோ ரோட்ரிகெஸ் என்ற தகப்பனும் வேறு சில பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர்களைத் தோற்கடித்தது. கல்வி அந்நாட்டு அரசியலமைப்பு உறுதி செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. அவர்கள் விடவில்லை. மாநில அரசியலமைப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் போனார்கள். 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லாது என்று ஏகமனதாகச் சொன்னது. 1993 முதல் பணக்கார மாவட்டங்களின் உபரி வரியில் ஒரு பகுதியை ஏழை மாவட்டங்களுக்குத் திருப்புகிறார்கள். வழக்குப் போட்டபோது பள்ளியில் இருந்த பிள்ளைகளுக்கு அதற்குள் சொந்தப் பிள்ளைகள் பிறந்துவிட்டன.

உங்கள் விவாதத்துக்கு நேராக உதவும் விஷயம் இன்னொன்று. இங்கே இப்போது காசுக் கணக்கில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே எடை கிடையாது. 2019-இல் அடிப்படைத் தொகை 6,160 டாலர் என்று வைத்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை என்றால், அது வாழும் வட்டாரம் எவ்வளவு ஏழை என்று பார்த்து, அந்த அடிப்படைத் தொகையின் மேல் 0.225 முதல் 0.275 மடங்கு வரை கூடுதலாகச் சேர்க்கிறார்கள். இருமொழிக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கு 0.1. பிள்ளைகள் 1,600-க்குக் குறைவான மாவட்டத்துக்கும் தனியாகக் கூடுதல் உண்டு. சிறியதாக இருப்பதே ஒரு செலவு என்பதைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. டெக்சாஸ், பதிவில் உள்ள பிள்ளைகளை எண்ணாமல் தினசரி வருகையின் சராசரியை வைத்துத்தான் காசு கொடுக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைதானே அதிகம் விடுப்பு எடுக்கும்? காய்ச்சல், பஸ் வரவில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ளவேண்டும். அப்படி வராத நாளுக்குப் பள்ளியின் காசு குறைகிறது. வேன்கார அண்ணன் சொன்ன மூன்றாவது பிள்ளையை நினைத்துக்கொண்டேன்.

சேர்ப்பது பற்றியும் சொல்கிறேன். 2023 நவம்பரில் சான் அன்டோனியோ பள்ளி மாவட்டம் 15 பள்ளிகளை மூட வாக்களித்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், காசு மெல்லிசாகப் பரவிப் போகிறது என்பதுதான் காரணம், கிள்ளான் அண்ணன் சொன்ன அதே காரணம். கூட்டத்தில் பெற்றோர் அழுததை நான் பார்த்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "என் பிள்ளை எந்தப் பஸ்ஸில் போவாள்?"

மூனாம் டிவிஷன் அம்மா
செவ்வாய், இரவு 9.15

டெக்சாஸ் தம்பி, 1.05-க்கு 26 என்ற இடத்தை மூன்று தடவை படித்தேன். கணவருக்கும் படித்துக் காட்டினேன். அவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். "அப்படின்னா அங்கேயும் நம்மள மாதிரிதான்" என்றார்.

கிள்ளான் தம்பி, உங்கள் மேல் கோபமே இல்லை. மகளுக்கு வகுப்பில் ஒரே ஒரு தோழிதான். அந்தப் பிள்ளை வராத நாளில் இவள் உம்மென்று வீட்டுக்கு வருகிறாள். நல்ல பள்ளி ஒன்று வேன் காசோடு சேர்த்துத் தருகிறோம் என்று எழுத்தில் கொடுத்தால் நானே முதல் கையெழுத்துப் போடுவேன். இதுவரை யாரும் வேன் காசைப் பற்றிப் பேசியதே இல்லை. பள்ளியை மூடுவதுதான் முதலில் நடக்கும், மற்றது பிறகு பார்க்கலாம் என்று இருக்கும். அதுதான் பயம்.

150 வெள்ளி உதவியைப் பற்றியும் யோசித்தேன். முன்பு 3,000 வெள்ளிக்குக் கீழே சம்பாதிக்கும் குடும்பத்துக்கு மட்டும் 100 வெள்ளி கொடுத்தார்கள். 2023-இலிருந்து பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து எல்லோருக்கும் 150. யாரையும் பிரித்துக் காட்டாமல் கொடுப்பது நல்லதுதான், வரிசையில் நின்று கூச்சப்பட்டவள் நான். ஆனாலும் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குப் போன 150 வெள்ளி வேனில் ஏற முடியாத பிள்ளைக்குப் போயிருந்தால் அதற்கு 300 கிடைத்திருக்குமே என்று மனம் கணக்குப் போடுகிறது.

கிள்ளான்வாசி
செவ்வாய், இரவு 9.50

எழுத்தில் கொடுத்தால் என்று நீங்கள் சொன்னது நியாயம் அக்கா. என் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன். முதலில் வேன், பிறகு புதிய வகுப்பறை, கடைசியில்தான் பழைய பள்ளிக்குப் பூட்டு. இந்த வரிசை மாறினால் நானும் உங்களோடு நின்று எதிர்ப்பேன்.

கணக்குப்பிள்ளை
புதன், காலை 7.30

சரி, கூட்டத்துக்கு வருவோம். தங்கச்சி, மூன்றே மூன்று தாள் கேள். போன ஆண்டு வந்த மானியமும் செலவும். கூரைக்குப் போட்ட விண்ணப்பத்தின் நகல், அது எந்தத் தேதியில் எங்கே போய் நிற்கிறது என்ற விவரத்தோடு. அப்புறம் பள்ளி நிலத்தின் கிராண்ட் (உரிமைப் பத்திரம்), அல்லது பள்ளி மேலாளர் வாரியத்திடம் நிலம் பற்றி இருக்கும் எந்தக் கடிதமாவது. தலைமையாசிரியரை எல்லோர் முன்னாலும் சங்கடப்படுத்தாதே. வியாழக்கிழமையே போய், "சார், சனிக்கிழமை இதைக் கேட்கப் போகிறேன்" என்று சொல்லிவிடு. அவரும் தேடி எடுத்து வைக்க நேரம் வேண்டுமே.

கட்டடம் எவ்வளவு மோசம் என்று பொதுப்பணித் துறை 1 முதல் 7 வரை அளவு போட்டுப் பார்க்கிறது. 6, 7 என்றால் படுமோசம். உங்கள் பலகைக் கட்டடத்தை யாராவது வந்து அப்படி அளந்தார்களா என்றும் கேள். அளக்காத கட்டடம் பட்டியலில் ஏறாது.

ஓய்வு பெற்ற வாத்தியார்
புதன், காலை 11.20

வாளி வைத்த வட்டத்தைப் படம் எடுத்து வை அம்மா. மழை பெய்யும்போது ஒன்று, வெயிலில் ஒன்று, தேதியோடு.

மூனாம் டிவிஷன் அம்மா
சனி, இரவு 10.05

கூட்டம் முடிந்தது. 19 பேர் வந்தார்கள், எங்கள் பள்ளிக்கு அது நல்ல கூட்டம். இரண்டு பாட்டிகள் பேரப் பிள்ளைகளுக்காக வந்து கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை போய்ச் சொன்னபோது தலைமையாசிரியர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, "இத்தனை வருஷமாக யாரும் கேட்டதில்லை" என்றார். மூன்று தாளும் எடுத்து வைத்திருந்தார்.

மானியக் கணக்கு சுத்தமாக இருந்தது. ஒரு சென் கூட இடம் மாறவில்லை. இருப்பதே அவ்வளவுதான். கட்டடத்தைப் போன ஆண்டு வந்து பார்த்து 6 என்று போட்டிருக்கிறார்கள். அதனால் அளக்கவில்லை என்று சொல்ல முடியாது. கூரை விண்ணப்பமும் மேலே போயிருக்கிறது, ஆனால் அதோடு ஒரு தாள் வைக்கவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நில உரிமையாளர் சம்மதம். வாத்தியார் ஐயா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. தோட்டம் இரண்டு தடவை கை மாறிவிட்டது, பழைய கம்பெனியின் முகவரிக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்து அந்த உறையோடு கோப்பில் கிடக்கிறது. உறையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பிரிக்கவே இல்லை.

கிராண்ட் யாரிடமும் இல்லை. நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் தேடித் தருவார்கள் என்று மேலாளர் வாரியத்து அண்ணன் சொன்னார். லாட் எண் (நிலத்தின் எண்) பழைய வரைபடத்தில் இருந்தது, தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை நானும் அந்த அண்ணனும் போகிறோம். வேன்கார அண்ணன் முதல் நடை முடித்து எட்டரைக்கு வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றார்.

மூனாம் டிவிஷன் அம்மா
திங்கள், மாலை 4.40

பெயர் கிடைத்துவிட்டது. இது கோலாலம்பூர் கம்பெனி, நாங்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. சம்மதம் கேட்டு மலாயில் கடிதம் எழுதியிருக்கிறோம், 24 பெற்றோர் கையெழுத்து. மழைப் படம் இரண்டு, கட்டட அளவுத் தாளின் நகல் ஒன்று இணைத்திருக்கிறோம். பள்ளி நிலத்தைத் தனியாக அளந்து பிரித்துக் கொடுக்கச் சம்மதிப்பார்களா என்று கடைசிப் பத்தியில் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்கலாமா கூடாதா என்று ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது, பாட்டி ஒருவர்தான் "கேட்டா என்ன, அடிச்சிடப் போறானா" என்றார்.

கணக்குப்பிள்ளை அண்ணா, பதிவுத் தபாலில் போடும் முன் ஒரு தடவை பார்த்துத் தர முடியுமா?

கணக்குப்பிள்ளை
திங்கள், மாலை 5.05

அனுப்பு தங்கச்சி. இன்றைக்கு இரவே பார்த்துவிடுகிறேன். நகல் ஒன்றைப் பள்ளிக் கோப்பில் போட்டுத் தேதி முத்திரை குத்தச் சொல்.